மழை புகுந்த மாட்டுங்கா வீடு: பூசி மூடுவதா, உலரவிடுவதா, இடித்துக் கட்டுவதா?

மும்பையில் மழை விடைபெறும் அக்டோபர் மாதத்தில் மாட்டுங்கா, சயான், வடாலா பக்கம் பெயிண்டர்களுக்குத்தான் மவுசு. தீபாவளிக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். ஜூலையில் சுவரில் படர்ந்த கறையும், உப்பிப் பெயர்ந்த காரையும், பீரோவுக்குப் பின்னால் கறுத்துக் கிடக்கும் பூஞ்சணமும் வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது. பட்டி பார்த்து, இரண்டு கோட் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து, ஒரு வாரத்தில் வேலையை முடித்துவிடுகிறார்கள். அடுத்த ஆடியில் அதே இடத்தில் அதே கறை, இன்னும் கொஞ்சம் அகலமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்திரிகைச் சந்தா கட்டுவதைப் போல வருடம் தவறாமல் இந்தச் செலவைச் செய்துகொண்டிருக்கும் குடும்பங்கள் பல.

நீர் புகுந்த பழைய வீட்டைச் சீராக்க வழிகள் பல உண்டு. எல்லாம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஒப்பிடத் தொடங்கும் முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் நீரை நிறுத்த வேண்டும், பிறகு உலர்த்த வேண்டும், அதன் பிறகே மூட வேண்டும். இந்த வரிசையைக் குலைக்கும் எந்த ஏற்பாடும், எவ்வளவு விலை உயர்ந்த ரசாயனமாக இருந்தாலும், பணத்துக்குக் கேடு.

இந்த வீடுகளின் பிறவிக் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1896-இல் பம்பாயைப் பிளேக் உலுக்கிய பிறகு, 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட்தான் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை மனைகளாகப் பிரித்துச் சாலை போட்டது. நம் தமிழர்கள் குடியேறிய மூன்று, நான்கு மாடிக் கட்டடங்களில் பல 1920-களுக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. தடித்த செங்கல் சுவர், பல இடங்களில் சுண்ணாம்புச் சாந்து, தேக்கு நிலைக்கதவு, பூப்போட்ட சிமென்ட் டைல் தரை, கான்கிரீட் இந்த ஊருக்குப் புதிதாக இருந்த காலத்துத் தளம். மேற்கே மாஹிம் வளைகுடா, கிழக்கே வடாலா உப்பளம். வீசும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையை மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையம் ஜூலை, ஆகஸ்ட் இரண்டே மாதங்களில் வாங்கிவிடுகிறது. அடுக்குமாடிப் புதுக் கட்டடத்துக்கு எழுதப்பட்ட வைத்தியத்தை இந்தச் சுவர்களுக்கு அப்படியே செய்தால் எடுபடாது.

எந்தத் தண்ணீர்?

கான்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டுக்காரரே கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இது. மேல்கூரையில் மழை பெய்த சில மணி நேரத்தில் கறை வளர்ந்தால் அது மொட்டைமாடி நீர். தென்மேற்கைப் பார்த்த சுவரில், அதுவும் ஜன்னலைச் சுற்றி வந்தால் வெளிப்பூச்சின் வெடிப்பையோ சஜ்ஜாவையோ (ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் மழைத்தடுப்புப் பலகம்) பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் காயாமல் இருந்தால் மேல்வீட்டுக் குளியலறைக் குழாய். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மட்டும், மேல்விளிம்பு அலை அலையாகத் தெரிந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு சதுர அடித் தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உட்புறம் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் சுவரில் படிகிறது. அதற்கு மின்விசிறியும் காற்றோட்டமும் போதும், காரையை உடைக்க வேண்டாம்.

கடலோர ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை உப்பு. காரை உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோற்றுக்குப் போடும் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மும்பையின் ஜூலைக் காற்றில் ஈரப்பதம் 80-க்கு மேல்தான். ஆகவே கசிவை முறையாக அடைத்து ஒரு வருடம் ஆன பிறகும், உப்பேறிய சுவர் மழை தொடங்கியதும் வியர்க்கும். வாட்டர்புரூஃபிங் ஏமாற்றிவிட்டது என்று அந்த ஆளைத் திட்டுவோம். பல வீடுகளில் வாட்டர்புரூஃபிங் சரியாகவே இருக்கும். உப்பேறிய பழைய காரையைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே பூசியதுதான் வினை. சுவரில் இரண்டு ஊசிகளைக் குத்தி ஈரம் காட்டும் மீட்டரும் இங்கே நம்மைக் குழப்பும். உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் காய்ந்த சுவரிலும் அது எண்ணைக் கூட்டிக் காட்டும். மீட்டரின் எண்ணை மட்டும் காட்டிப் பெரிய வேலைக்கு விலை சொல்பவரிடம், அதே சுவரின் மேல்பகுதியிலும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளம் புகுந்த தரைத்தளம்

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை இந்த ஊர் மறக்கவில்லை. நகரின் தென்கோடியான கொலாபாவில் அன்று பெய்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான் தரைத்தளவாசிகளுக்கு அப்படிப்பட்ட நாள் வர வேண்டியதில்லை. பலத்த மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் போதும். வடிகால் நீருக்குக் கடலுக்குள் போக வழியில்லாமல் தெருவுக்கே திரும்பி வரும். அந்த நீர் மழைநீர் மட்டுமல்ல, சாக்கடையும் கலந்தது. எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால், காலில் புண்ணோடு அந்த நீரில் நடந்தவர்கள் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டைக் காப்பது அதற்குப் பிறகுதான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நனைந்த பிளக் பாயிண்டுகளை எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை தொடாதீர்கள்.

நீர் வடிந்ததும் மூன்று வழிகள் தெரியும். நாமே துடைத்துக் காயவைப்பது, இயந்திரங்களோடு வரும் உலர்த்தும் நிறுவனத்தை அழைப்பது, நனைந்த காரையை உடனே உடைத்துவிடுவது.

முதல் வழிதான் பழக்கமானது: ஜன்னலைத் திறந்து, எல்லா மின்விசிறிகளையும் சுழலவிட்டு, வெயிலுக்குக் காத்திருப்பது. சென்னையில் டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இது ஓரளவு பலிக்கும். அப்போது காற்று கொஞ்சம் காய்ந்திருக்கும். மும்பையில் ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு மாத மழை பாக்கி. வெளிக்காற்றே நனைந்திருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். பூஞ்சணம் தலைகாட்ட ஓரிரு நாட்கள் போதும் என்பதால் அந்த இரண்டு மாதம் பொறுக்க முடியாது.

சுவர் எவ்வளவு நீர் குடித்திருக்கும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பத்தடி நீளச் சுவர், ஒன்பது அங்குலத் தடிமன், இரண்டடி உயரத்துக்கு நனைந்தது என்றால் அந்தப் பகுதியின் எடை ஏறக்குறைய 750 கிலோ. நாட்டுச் செங்கல் தன் எடையில் 15 விழுக்காடு நீரைக் குடிப்பது சாதாரணம். அப்படியானால் நூறு லிட்டருக்கு மேல், ஒரே சுவரில். தரையைத் துடைத்து வாளியில் பிழிந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நல்ல சூழலிலும் செங்கல் சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம்தான் உலரும் என்பது கட்டட மராமத்துக்காரர்களின் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தால்கூட நான்கைந்து மாதம் ஆகும். வெள்ளம் வந்த பதினைந்தாம் நாள் "காய்ந்துவிட்டது சார், பெயிண்ட் அடிக்கலாம்" என்று யாராவது சொன்னால், காய்ந்தது பெயிண்டரின் பொறுமைதான்.

இரண்டாவது வழியான உலர்த்தும் நிறுவனங்கள் அலுவலகங்களையும் பெரிய பங்களாக்களையும் மனத்தில் வைத்து விலை சொல்பவை. அவர்களிடம் இருக்கும் கருவிகள் இரண்டு வகை: ஈரம் இழுக்கும் டிஹியூமிடிஃபயர், சுவரை ஒட்டிக் காற்றை வேகமாக ஓட்டும் ஊதுவிசிறி. முதல் வாரத்தில் இவற்றால் பெரிய பலன் உண்டு. அறைக்காற்று உலர்ந்தால் பூஞ்சணம் பரவாது. மரச்சாமானும் புத்தகமும் தப்பும். ஆனால் செங்கலின் உள் ஈரம் தன் வேகத்தில்தான் வெளியே வரும். இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும் அந்த வேகம் அதிகம் மாறாது. மூன்று வாரம் வாடகைக்கு வைக்கச் சொன்னால் மூன்றாவது வாரத்துக்குக் காரணம் கேட்டு வாங்குங்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது பாதி வழி: வீட்டு உபயோக டிஹியூமிடிஃபயர் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ ஒரு அறையில், கதவு ஜன்னலை மூடி, சுவரை நோக்கி மேஜை விசிறியோடு ஓடவிடுவது. ஏசி இருந்தால் அதன் 'டிரை' முறையும் கைகொடுக்கும். தொட்டியில் தினமும் எத்தனை லிட்டர் சேர்கிறது என்று குறித்துவைத்தால் எப்போது நிறுத்தலாம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

மூன்றாவது வழி, உடைப்பது. எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை. எதையும் உடைக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கவும் கூடாது. பிஓபி என்று நாம் சொல்லும் ஜிப்சம் வேலைப்பாடு சாக்கடை நீரில் நனைந்தால் அதற்குப் பிழைப்பு இல்லை. பிளைவுட் அலமாரியின் அடிப்பகுதியும் முதுகுப்பலகையும் அப்படித்தான். சுவரில் பதித்த அலமாரியின் முதுகை எடுத்தாலொழியப் பின்னால் இருக்கும் சுவர் காயாது. சிமென்ட் பூச்சைத் தட்டிப் பார்த்துப் பொருமலான இடங்களை வெள்ளக்கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை எடுத்துவிடலாம். உறுதியாக நிற்கும் சுண்ணாம்புப் பூச்சை விட்டுவிடலாம்; அது நனைந்து காயப் பழகியது. பர்மா தேக்கு நிலைகளும் பிழைத்துக்கொள்ளும். வெயிலில் வைத்து வேகமாகக் காயவைத்தால்தான் பிளக்கும், நிழலில் காயட்டும். தரையின் பூப்போட்ட சிமென்ட் டைல்களுக்கு ஆசிட் ஊற்றுவது கொலைபாதகம். நிறம் போய் மேற்பரப்பு அரிக்கப்பட்டால் திரும்ப வராது. மென்மையான சோப்பு நீரும் நார்ப் பிரஷும் போதும். பிளீச்சிங் கரைசல் வேண்டுமென்றால் மொசைக் தரை, பாத்ரூம் தரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரில் தெளித்தால் அது மேல்தோலை வெளுத்துவிட்டு உள்ளே இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்க்கும்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் உடைக்கும் முன் படம் எடுத்துவிட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும், தொட்டியோ குழாயோ திடீரென வெடித்து வழிவதையும் ஏற்கிறது. கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால் வீட்டுப் பொருள்களுக்கும் அதில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேரும். ஆனால் பல மாதங்களாக மெல்லக் கசிந்து ஊறிய சுவருக்கு அதில் பணம் எதிர்பார்க்க முடியாது. சர்வேயர் வரும் வரை நனைந்த பொருள்களை ஓரமாக வைத்திருங்கள். உலர்த்துவதை மட்டும் அவருக்காக நிறுத்திவைக்காதீர்கள்.

மொட்டைமாடி: கோபா, மெம்பரேன், பூச்சு, கொட்டகை

மேல்மாடிக்காரரின் தலைவலி இது. மும்பையின் பழைய வழி கோபா. செங்கல் துண்டுகளைச் சாந்தில் பதித்து, நீர் வடிகுழாயை நோக்கி ஓடும்படி வாட்டம் கொடுத்து, மேலே கோடு கிழித்த சிமென்டோ உடைந்த பீங்கான் சில்லுகளோ போடுவது. நன்றாகப் போட்டது ஒரு தலைமுறை நிற்கும். வெயில் சூட்டையும் குறைக்கும். குறை என்னவென்றால், ஒரு வெடிப்பு வழியாக நீர் உள்ளே போய்விட்டால் கோபா அதைத் தேக்கிக்கொள்ளும். நீர் நுழைந்த இடம் ஒன்று, கூரையில் சொட்டும் இடம் இருபதடி தள்ளி. தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இதைவிடப் பெரிய ஆபத்து எடை. சராசரி நான்கு அங்குலக் கோபா சதுர அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. 2000 சதுர அடி மொட்டைமாடிக்கு 36 டன். ஏற்கெனவே இருக்கும் கோபாவை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றைப் போடுவதும், கொஞ்ச வருடம் கழித்து மூன்றாவதைப் போடுவதும் இந்த ஊரில் சகஜம். எண்பது வயதுத் தளத்தின் தலையில் அதன் ஆயுளில் யாரும் கணக்கிடாத சுமையை ஏற்றுகிறோம். 'பழையதை எடுக்காமலே போட்டுத் தருகிறேன், செலவு குறையும்' என்ற கொட்டேஷனை எடுத்த எடுப்பில் கிழித்துப் போடலாம்.

ரோலாக வரும் தார் மெம்பரேனை, அதாவது நீர் புகாத தாளை, சூடு காட்டி ஒட்டுவது எடை குறைந்த வழி. தளம் சமமாக, முற்றிலும் காய்ந்து இருக்க வேண்டும். கைப்பிடிச்சுவர் மூலையில் வளைவாகச் சாந்து உருட்டி, மெம்பரேனை அதன் மேல் ஏற்றி முடிக்க வேண்டும். கோளாறு வருவது பெரும்பாலும் அந்த மூலையிலும் வடிகுழாய் வாயிலும்தான். வடகம் காயப்போடவும், டிஷ் ஆன்டெனா மாட்டவும் ஆள் ஏறி இறங்கும் மாடியென்றால் மேலே பாதுகாப்புப் பூச்சு இல்லாமல் மெம்பரேன் நிற்காது.

பிரஷ்ஷால் அடிக்கும் ரசாயனப் பூச்சு மலிவு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும், சில மழைக்காலம் தாங்கும். அதைக் கட்டுப்போடும் வேலையாக மட்டும் எண்ணினால் ஏமாற்றம் இல்லை.

கொட்டகையை நான் கொஞ்சம் பரிவோடு பார்க்கிறேன். இரும்புச் சட்டத்தின் மேல் தகரம் வேய்வது அழகில்லை, மாநகராட்சி அனுமதி வாங்க அலைய வேண்டும், காற்றுக்குத் தாங்கும்படி எஞ்சினியர் வரைந்து தர வேண்டும். ஆனாலும் தளத்தின் மேல் மழையே படாமல் தடுப்பதால் நனைந்த கோபாவும் அடியில் இருக்கும் கான்கிரீட்டும் உலர அவகாசம் கிடைக்கிறது. மற்ற மூன்று வழிகளும் ஈரத்தை உள்ளே வைத்து மூடும் அபாயம் உள்ளவை, இது அப்படியல்ல. இன்னும் சில வருடங்களில் இடித்துக் கட்டப் போகும் கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமான செலவு இல்லை. நிலைத்திருக்கப் போகும் கட்டடம் என்றால் பழைய கோபாவை முழுதும் எடுத்துவிட்டு, தளத்தைப் பழுதுபார்த்து, மெம்பரேன் போட்டு, அதன் மேல் மெல்லிய கோபாவால் வாட்டம் கொடுப்பதே என் தேர்வு. முடித்ததும் வடிகுழாய் வாயை அடைத்து இரண்டு நாள் நீர் கட்டிவைத்துக் கீழே பார்த்த பிறகுதான் கடைசித் தவணை.

சுவர்: சிமென்டா, சுண்ணாம்பா

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கி, காய்ந்த மாதங்களில் வெளியே விட்டு வாழ்ந்தது. அதன் மேல் கெட்டியான சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறியதும் வெளியேறும் வழி அடைபட்டது. ஈரம் உள்ளேயே மேலே ஏறுகிறது. சிமென்ட் பூசிய மூன்றடிக்கு மேலே, நான்காவது அடியில் கறை தெரிகிறது. உடனே சிமென்டை ஐந்தடிக்கு உயர்த்துகிறோம். கறை ஆறாவது அடிக்குப் போகிறது.

தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலி மேஸ்திரிகளில் வயதானவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அப்படி ஒருவர் ஒரு வீட்டில் கரண்டிக் காம்பால் சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்றும், பொருமிய இடத்தில் டொக்கென்றும் கேட்டது. டொக்கென்ற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார். ஒரு வட்டத்தைக் கொத்தியதும் தட்டு அகலத்துக்குச் சிமென்ட் பூச்சு முழுசாகக் கழன்று விழுந்தது. அதன் முதுகில் ஈரமும், செங்கல் முகத்தில் மாவு போல உதிரும் சாந்தும்.

"இதை இப்படியே விட்டுவிடலாமா, அண்ணாச்சி?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"விட்டால் நல்லதுதான் அம்மா. தை மாதம் வரை செங்கல் திறந்தே இருக்கட்டும். பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்."

பார்க்க நன்றாக இருக்காது என்ற அந்த ஒரே குறையைத்தான் பல வீடுகளால் தாங்க முடிவதில்லை. திறந்த செங்கல், வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் துடைத்து முறத்தில் அள்ளி வெளியே கொட்டுவது, இவ்வளவுதான் மருந்து. நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். நவம்பரிலிருந்து மார்ச் வரை காற்று காய்ந்திருக்கும் மாதங்கள் இதற்கென்றே அமைந்தவை.

அதன் பிறகு பூசுவது எதனால்? சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருந்தால் சுண்ணாம்புப் பூச்சு. மேலே சுண்ணாம்பு வெள்ளையோ காற்றுப் புகும் மினரல் பெயிண்டோ. குறைகளை மறைக்க விரும்பவில்லை: சுண்ணாம்பு இறுக நாளாகும், மெல்லிய அடுக்குகளாகப் பூசி, இடையில் காத்திருக்க வேண்டும், வேலை தெரிந்த ஆள் குறைவு, சிமென்டைவிடக் கூலி கூடும். ஆணி அடித்தால் சிமென்ட் அளவுக்குப் பிடிக்காது. மழைக்காலத்தில் இதைத் தொடங்கவே கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் ஓதம் ஏறும் பழைய சுவருக்கு இதைவிட நீடிக்கும் பூச்சு எனக்குத் தெரியவில்லை. சுவர் சிமென்ட் சாந்தில் கட்டிய 1950-களின் கட்டடம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், சிமென்ட் பூச்சு போதும். எந்தச் சாந்து என்று பார்க்க, காரை உதிர்ந்த இடத்தில் இரண்டு செங்கலுக்கு நடுவே சாவியால் சுரண்டுங்கள். சுலபமாக வெண்மையாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு; சாவிதான் தேய்கிறது என்றால் சிமென்ட்.

சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு நீர்விலக்கி ரசாயனம் செலுத்தும் முறையும் விளம்பரத்தில் வருகிறது. மண்ணிலிருந்து ஏறும் ஓதத்துக்கு, ஒழுங்கான செங்கல் அடுக்குள்ள சுவரில் அது வேலை செய்யும். உடைகல்லும் மண்ணும் நிரப்பிய அடித்தளத்தில் திரவம் எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மழைநீர்க் குழாய் ஒன்று சுவரோரம் உடைந்து வடிந்துகொண்டிருக்கும்போது இதற்குப் பணம் கட்டுபவர்களைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது. முதலில் சந்துப்பக்கம் போய்க் குழாயைப் பாருங்கள். அதில் முளைத்திருக்கும் அரசங்கன்றையும் பாருங்கள்.

கம்பி தெரிந்தால்

கூரையில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மேலே சொன்ன எந்த ஒப்பீடும் அங்கே செல்லாது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். அதைப் பூசி மறைப்பது வியாதியை மறைப்பது. தரமான எஞ்சினியர் பார்த்து, துருவை முழுவதும் எடுத்து, பாலிமர் சாந்தால் நிரப்பலாமா, கூடுதல் கம்பி வேண்டுமா என்று சொல்லட்டும். 30 வயதைத் தாண்டிய கட்டடத்துக்கு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின்படி கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம். அந்த அறிக்கையைக் கேட்டுப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதில் 'சி1' என்று எழுதியிருந்தால் காலி செய்து இடிக்க வேண்டிய கட்டடம் என்று பொருள், பெயிண்ட் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

யார் பணம், எத்தனை வருடம்

ஒரே கசிவுக்கு மூன்று வீட்டுக்காரர்கள் மூன்று விதமாக முடிவெடுப்பது நியாயமே.

கூட்டுறவு சொசைட்டியில் சொந்த வீடு என்றால், மொட்டைமாடி, வெளிச்சுவர், பொதுக்குழாய் வழியாக வரும் மழைநீர்க் கசிவைச் சரிசெய்வது மகாராஷ்டிர மாதிரித் துணைவிதிகளின்படி சொசைட்டியின் பொறுப்பு. அதற்கென்றே பராமரிப்பு நிதியும் வசூலாகிறது. கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 விழுக்காடு என்பது விதி. ஆனால் அந்தக் 'கட்டுமானச் செலவு' எந்தக் காலத்து ரூபாயில் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். 1950-களின் செலவில் முக்கால் விழுக்காடு இன்று ஒரு மூட்டை சிமென்டுக்குக் காணுமா என்பதே சந்தேகம். பொதுக்குழுவில் தனி வசூலுக்குத் தீர்மானம் போடாமல் பெரிய வேலை நடக்காது. மேல்மாடிக்காரர் தன் கையிலிருந்து செலவழித்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று நினைத்தால் பாடு அதிகம்; எழுத்தில் முன்னாலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

பகடி வீட்டில், அதாவது முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பழைய ஏற்பாட்டில், இருப்பவர் நிலை வேறு. வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது 1999 வாடகைச் சட்டப்படி உரிமையாளரின் கடமை. அவர் செய்யாவிட்டால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துத் தானே செய்து, வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஆண்டு வாடகையில் நாலில் ஒரு பங்கு வரை. மாதம் சில நூறு ரூபாய் வாடகை கொடுப்பவருக்கு அந்த நாலில் ஒரு பங்கில் ஒரு டப்பா பெயிண்ட் வரலாம். நடைமுறையில் உதவக்கூடியது மாநில வீட்டுவசதி அமைப்பான மாடாவின் பழுதுபார்ப்பு வாரியம். தீவு நகரத்தில் (மாஹிம், சயான் வரையுள்ள பழைய மும்பை) 1969 செப்டம்பர் முடியும் வரை கட்டப்பட்டு, மராமத்துக்கென வாங்கும் செஸ் வரியைச் செலுத்தும் கட்டடங்களின் கட்டமைப்பு மராமத்து அதன் வேலை. செலவுக்கு உச்சவரம்பு உண்டு, வரிசையும் நீளம். ஆகவே பகடிக்காரர் தன் பணத்தில் வீட்டுக்குள் மட்டும் செய்யத்தக்கவற்றைச் செய்வது புத்திசாலித்தனம்: பொருமிய பூச்சை எடுப்பது, உலர்த்துவது, சுண்ணாம்பு அடிப்பது, அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பது.

மூன்றாவது வகையினர் ரீடெவலப்மென்டுக்கு, அதாவது பில்டர் இடித்துக் கட்டித் தருவதற்கு, காத்திருப்பவர்கள். சொசைட்டிக்கு 2019 அரசாணைப்படி 51 விழுக்காட்டு உறுப்பினர் சம்மதம் இருந்தால் தீர்மானம் நிறைவேறலாம். பழைய செஸ் கட்டடங்களுக்கு மும்பையின் கட்டுமான விதிகளில் 33(7) என்ற தனி விதி உண்டு. ஆனால் தீர்மானம் ஆனதும் இயந்திரம் வந்து நிற்பதில்லை. பில்டர் மாறுவார், ஒருவர் கோர்ட்டுக்குப் போவார், பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் அந்தக் குழுவின் அனுமதியும் வேண்டும். 'எப்படியும் இடிக்கத்தானே போகிறோம்' என்று மராமத்தை நிறுத்திவிட்டுப் பத்து மழையைக் கோணிப்பையும் பக்கெட்டுமாகக் கடத்திய கட்டடங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. பில்டருடன் பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இல்லாதவரை, குறைந்தது ஐந்து மழைக்காலம் இங்கேதான் என்று கணக்கு வைத்து முடிவெடுங்கள். அந்தக் கணக்கில் கொட்டகை, குழாய்ப் பழுது, கம்பி தெரியும் இடங்கள் மூன்றும் அவசியம். மெம்பரேனும் புதுக் கோபாவும் அவசியமில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டால், காலி செய்யும் வரை உயிருக்கு ஆபத்தானதை மட்டும் பார்த்தால் போதும்.

எந்த வழியானாலும் கான்ட்ராக்டருடன் ஜனவரிக்குள் பேசி முடித்துவிடுவது நல்லது. மே மாதம் வந்தால் இந்த ஊரில் நீலத் தார்ப்பாய்க்கே கிராக்கி ஏறிவிடும். அவசரத்தில் இருப்பவரிடம் எவரும் பேரம் படிய மாட்டார்கள். ஒப்பந்தத்தில் பழைய கோபாவின் இடிபாட்டை அள்ளிப்போடும் செலவு யாருடையது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், பல சண்டைகள் அதில்தான் தொடங்குகின்றன. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரு முழு மழைக்காலம் கழியும் வரை நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளும் ஆள், மற்றவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும், அவருக்கே வேலையைக் கொடுக்கலாம்.